வாப்பாவின் ஐம்பத்தைந்தாவது வயது

மட்டக்களப்பிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தை வாப்பா மூன்று நாட்கள் சாரன் மடியிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். நான்காம் நாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து என்னிடம் நீட்டினார்.

"வாசி மகள். கெட்டது எண்டா கொஞ்சம் மெதுவாச் சொல்லு."

கெட்ட செய்தியாகத் தெரியவில்லை. அரசாங்க இலாகாவில் அவர் முன்பு பார்த்த லொறிச் சாரதி வேலையை மீண்டும் தரலாம், பழைய ஏழு வருஷச் சேவையையும் பென்சனுக்குச் சேர்க்கலாம், 1955 ஜூலை பதினெட்டாம் திகதி நேர்முகத்துக்கு வரவும் என்று இருந்தது. உம்மா அடுப்படியிலிருந்தே "அல்ஹம்துலில்லாஹ்" என்றா.

வாப்பா அந்த வேலையை 1951இல் விட்டவர். கல்லோயாவில் அணை கட்டுகிறார்கள், லொறி ஓட்டத் தெரிந்தவனைக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். அணை முடிந்ததும் இழுத்த கைகள் போய்விட்டன. சாய்ந்தமருதுக்குத் திரும்பி ஒரு முதலாளியின் மீன் லொறியை ஓட்டினார். வேலையை விட்டாலும் சாரதிமார் சங்கத்தை விடவில்லை. அந்தச் சங்கத்தின் செயலாளர் கல்முனை அழகரெத்தினம்தான் இரண்டு வருஷம் அலைந்து இந்தக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

கடைசி வரியை நான் வாசிக்காமல் இருந்திருக்கலாம். அதில் வாப்பா பிறந்த திகதி இருந்தது: 1902 ஜூன் 1.

வாப்பா விரல்விட்டு எண்ணினார். ஐம்பத்தைந்து வயதானால் வண்டியை விட்டு இறங்க வேண்டும். அப்படியானால் 1957 ஜூன். பென்சனுக்குப் பத்து வருஷம் முழுதாக வேண்டும். வருகிற ஓகஸ்டில் ஏறினால், 1958 ஜூலை முடியும்போதுதான் பத்து நிறையும். பதினான்கு மாதம் குறைந்தது.

"அது என்ட வயசில்ல" என்றார்.

உம்மா கைகழுவி வந்து, பெட்டிக்குள்ளிருந்து மௌலிதுக் கிதாபை எடுத்தா. அதன் வெற்றுப் பக்கத்தில் வாப்பாவின் வாப்பா அறபுத் தமிழில், அறபு எழுத்தில் தமிழாக, எழுதியிருந்தார்: ஹிஜ்ரி 1321, றஜப் பிறை மூன்று, வெள்ளிக்கிழமை, ஆண் பிள்ளை. பள்ளிவாசல் கதீப் லெப்பையிடம் கேட்டு நான் கணக்குப் பார்த்தேன். 1903 செப்டெம்பர் இருபத்தைந்து. அதன்படி வாப்பா 1958 செப்டெம்பர் வரை ஓட்டலாம்.

தவறு எங்கே நடந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. 1944இல் வேலையில் சேர்ந்தபோது கிளாக்கர் வயதைக் கேட்டார். வாப்பாவின் உம்மா, என் மூத்தும்மா, பிறை பார்த்து எண்ணி வைத்திருந்த நாற்பத்திரண்டை வாப்பா சொன்னார். பிறை வருஷம் ஆங்கில வருஷத்தைவிடப் பதினொரு நாள் கட்டை. கிளாக்கர் அந்த நாற்பத்திரண்டை ஆங்கில வருஷத்திலிருந்து கழித்து, நாள் தெரியாததால் ஜூன் 1 என்று எழுதிக்கொண்டார். 'மேலே கண்டது உண்மை' என்ற வரியின் கீழே வாப்பா கையெழுத்து வைத்தார்.

மறுநாள் சைக்கிளில் வந்த அழகரெத்தினம் கிதாபையும் என் கணக்கையும் மாறி மாறிப் பார்த்தார். வாப்பாவை அவர் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அப்ப காக்கா, நான் உங்கட ஊரில வந்து குடியிருந்தா கெதியாக் கிழவனாயிருவன் போல."

"பகிடி விடாத தம்பி. இதச் சொன்னா என்ன நடக்கும்?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "சொல்லாட்டி ரெண்டு வருஷம் வேலை நிச்சயம். பென்சன் இல்ல. சொல்லி, அவங்க நம்பாட்டி வேலையும் இல்ல. வயசக் குறைச்சுக் குடுத்த ஒராளப் போன வருஷம் வேலையால நிப்பாட்டினாங்க. லைசனையும் பறிச்சாங்க."

"அவன் பொய் சொன்னவன்."

"அவனும் உண்மையெண்டுதான் சொன்னவன் காக்கா."

நேர்முகம் வரையில் வாப்பா சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் உம்மா பொறுக்கமாட்டாமல் கேட்டா: "கல்லோயாவில யானைக்கு நடுவால லொறி ஓட்டின மனிசன், ஒரு கடதாசிக்கு இந்தப் பயம் பயப்புடுறதா?"

"யானை கையெழுத்துக் கேக்கல்லயே சபூறா."

நேர்முகத்தில் நடந்ததை, சங்கத்தின் சார்பில் பக்கத்தில் இருந்த அழகரெத்தினம் பிறகு எங்களுக்குச் சொன்னார். நேர்முகம் நடத்திய துரை யாழ்ப்பாணத்துக்காரர். பைலைத் திறந்து வைத்துக்கொண்டே வாப்பா சொன்னதைக் கேட்டார்.

"பென்சன் எண்டவுடனை எல்லாருக்கும் வயசு குறையுது. உமக்கும் குறைஞ்சிட்டுதோ?"

வாப்பா கிதாபை மேசையில் வைத்தார். துரை அதைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் தள்ளி வைத்தார்.

"இதை ஆர் வாசிக்கிறது? அண்டைக்கு ஒரு வயசு, இண்டைக்கு ஒரு வயசு. எது பொய்?"

"ரெண்டும் பொய்யில்ல ஐயா."

துரைக்குப் பக்கத்திலிருந்த கிளாக்கர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். ஏமாற்ற வந்த ஆள் என்று பைலில் எழுதிவிடப்போகிறார்களே என்று அழகரெத்தினம் பயந்தார். அந்த நேரத்தில் வாப்பா பைலைக் கையால் காட்டினார்.

"ஐயா, அந்த பைலுக்குள்ள என்ட பெருநாள் லீவுக் கடிதம் ஏழும் இரிக்கும். நோன்புப் பெருநாள். திகதியப் பாருங்க."

கிளாக்கர் தாள்களைத் தட்டினார். 1944இல் செப்டெம்பர் இருபது. அடுத்த வருஷம் செப்டெம்பர் ஒன்பது. அடுத்தது ஓகஸ்ட் கடைசி. அப்படியே இறங்கி இறங்கி 1950இல் ஜூலை நடுவுக்கு வந்திருந்தது. எல்லாவற்றிலும் இலாகாவின் முத்திரை.

"ஒவ்வொரு முறையும் பெருநாள் முன்னுக்கு வருது" என்றார் கிளாக்கர், துரையைப் பார்த்து.

"எங்கட வருஷம் கட்டை ஐயா" என்றார் வாப்பா. "என்ட உம்மா எண்ணினது அந்த வருஷத்த. எனக்கி ரெண்டும் ஒண்டு எண்டு நெனப்பு."

துரை கடிதங்களை மேலிருந்து ஒருமுறை புரட்டினார். பிறகு வயதைத் திருத்தக் கேட்கும் தாள் ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார். "தீர்மானிக்கிறது நானில்லை. கொழும்புக்கு எழுதுறன். அதுவரை வேலை செய்யும். ஆனால் பொய்யெண்டு கண்டால் வேலையும் போம், வழக்கும் வரும். பயமெண்டால் பழைய வயசோடை பேசாமல் ஏறும். எது?"

வாப்பா அழகரெத்தினத்தைப் பார்த்தார். அழகரெத்தினம் நிலத்தைப் பார்த்தார். வாப்பா தாளை இழுத்துக் கையெழுத்து வைத்தார்.

ஓகஸ்ட் முதலாம் திகதி வேலைக்கு ஏறினார். கொழும்பிலிருந்து பதில் வரவில்லை. அந்த வருஷமும் இல்லை, அடுத்த வருஷமும் இல்லை. தபால்காரர் எங்கள் தெருவில் திரும்பினால் வாப்பா கிணற்றடிக்குப் போய்விடுவார். வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், கேட்காத மாதிரி லொறிக்கு அடியில் குனிந்து எதையாவது தேடுவார்.

1957 மே மாதம், பழைய கணக்கின்படி இறங்கவேண்டிய நாளுக்கு இரண்டு கிழமை இருக்கையில், கடிதம் வந்தது. நின்றபடியே வாசித்தேன். பிறந்த திகதி திருத்தப்பட்டிருந்தது. 1958 செப்டெம்பர் இருபத்தைந்தில் ஓய்வு.

"இன்னொருக்கா வாசி."

வாசித்தேன்.

"மறுபக்கத்தில?"

வெறும் பக்கத்தைக் காட்டினேன். வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

அதோடு பயம் போய்விடும் என்று நினைத்தோம். இப்போது பத்து வருஷத்தில் ஒரு நாள் உடைந்துவிடுமோ என்று பயந்தார். லீவு எடுத்தால் சேவையில் குறைத்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு, பெருநாளன்றும் தொழுகை முடிந்ததும் வேலைக்குப் போனார். அப்படி ஒரு விதியே இல்லை என்று அழகரெத்தினம் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். அந்த மார்கழி வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்தார். அடுத்த வருஷம், 1958 கலவரத்தில் ஊரடங்கு போட்டபோது, அந்த நாட்களும் கணக்கில் சேருமா என்று உம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். உம்மாவுக்கு என்ன தெரியும்?

ஜூலை முப்பத்தொன்றாம் திகதி பத்து வருஷம் நிறைந்தது.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு மீண்டும் படுத்துவிட்டார். வேலைக்கு நேரமானதும் உம்மா போய்த் தட்டினா.

"இண்டைக்கு நான் வரல்லயெண்டு ஓவசியருக்குச் சொல்லியனுப்பு. காய்ச்சல்."

உம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தா. "காய்ச்சல் ஒண்டுமில்லயே?"

"மூணு வருஷமா இரிக்கி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.