கப்பல் விருந்தில் நான் சொல்லாத நன்றியுரை

எங்கள் வீட்டில் படித்து அலுவலக வேலைக்குப் போன முதல் ஆள் நான். சென்ற ஆண்டு எங்கள் பாஸ், மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்திலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலில் ஊழியர்களுக்கு விருந்து வைத்தார். ஒன்றன்பின் ஒன்றாக ஆறு வகை உணவு, ஒவ்வொன்றோடும் ஓர் ஒயின். முடிவில் நன்றியுரை சொல்லும் பொறுப்பு எனக்கு. சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்த அம்மா, "தடுமாறாம பேசிட்டு வாப்பா" என்றார்.

இலையில் மிச்சம் வைத்தால் விருந்து போட்டவருக்கு அவமதிப்பு என்று வளர்ந்தவன் நான். கிளாஸிலும் மிச்சம் வைக்கவில்லை. காலியானதும் பணியாளர் மறுபடி ஊற்றினார். இறைச்சிக்கு வயிற்றில் இடம் வேண்டுமென்று ரொட்டியையும் தண்ணீரையும் நான் தொடவே இல்லை.

பக்கத்தில் இருந்த கணக்குப் பிரிவு கலா அக்கா, "தம்பி, ரெண்டு வாய் குடிச்சிட்டு வச்சிடு லா. எல்லாத்தையும் முடிக்கணும்னு யாரு சொன்னா?" என்றார்.

"பாஸ் குடுக்கிற விருந்து, அக்கா. வச்சா மரியாதையா இருக்காது."

கடைசி இனிப்பு வருமுன்பே மேசை சுற்றியது. என்னைப் பேச அழைத்தார்கள். எழுந்துபோய் பாஸின் தோளில் கைபோட்டு, "மச்சான், நீ நல்லவன்டா" என்றேன். என் நன்றியுரை அதோடு முடிந்தது. அக்காதான் என்னை உட்காரவைத்துவிட்டு நன்றி சொன்னார்.

மறுநாள் பாஸிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் விருந்தில் முதலில் ரொட்டி சாப்பிடுகிறேன். ஒயினில் இரண்டு வாய், பிறகு தண்ணீர். மிச்சத்தைப் பணியாளரிடம் எடுத்துப் போகச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவிடம் மட்டும் "பேசிட்டேம்மா" என்று சொல்லியிருக்கிறேன். காப்பார் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால், "என் மகன் கப்பல்ல பேசுனான்" என்கிறார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறேன்.