தபால்காரர் வருமுன்

நெல்லித்தோப்பில் என் இஸ்திரி வண்டிக்குத் தினமும் காலையில் ஒரு வெள்ளைச் சட்டையோடு வருவார் அந்தப் பெரியவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர்; எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. தலையை இன்னும் ஒட்ட வெட்டியிருப்பார். பிரான்சுக்குப் போய்த் தகவலே இல்லாமல் போன மகனைத் தேடித் தரச் சொல்லி, புதிதாகப் பதவியேற்ற பிரெஞ்சு அதிபருக்கு எழுதியிருந்தார். தபால்காரர் வருமுன் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும்.

"பதில் வந்துச்சாங்க ஐயா?"

"மந்திரிங்கள மாத்திக்கினு இருக்காருப்பா. முடிச்சதும் பாப்பாரு."

அப்புறம் வெளிநாட்டுப் பயணம் என்றார். அப்புறம் பிரான்சில் வேலைநிறுத்தம். எல்லாம் டிவியில் பார்த்தது.

அதிபர் பதவியேற்று ஒரு வருடம் முடிந்த அன்று, நான் கேட்காமலே அவரே சொன்னார்: "பாவம், வருஷம் பூரா ஓயாத வேல. ரெண்டு நாள் தூங்கட்டும்."

தேய்த்த காலரையே மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தேன்.