திறக்காத கல்வெட்டு

முரசுமோட்டையில் யாராவது செத்தால் வீட்டுக்காரர் முதலில் ஐயரிடம் போவார்கள், அடுத்து பிரஷாந்தினியிடம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை, நாங்கள் கல்வெட்டு என்கிறோமே, அதைக் கணினியில் அடித்துக் கொடுப்பது அவள்தான். பரந்தனில் அச்சடிப்பவன் நான். பதினாறு வருடமாக ஊரின் சாவெல்லாம் எங்கள் கையால்தான் போயின.

அவள் அடித்தது 'முத்தெழுத்து' என்ற மென்பொருளில். வவுனியாவில் சுஜிதன் செய்தது. பிழை என்றால் அவனே போன் எடுத்துத் திருத்துவான். பிறகு ஒரு பெரிய கம்பனியின் மென்பொருள் புதுக் கணினிகளோடு சும்மா வரத் தொடங்கியது. அரசாங்கக் கந்தோர்களும் ஆவணங்களை அதில்தான் கேட்டன. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? எல்லோரும் மாறினார்கள். நானும் மாறினேன். அவள் மட்டும் மாறவில்லை.

"உங்கள் ஒராளுக்காக நான் ரெண்டு வைச்சிருக்கேலாது, தங்கச்சி," என்றேன்.

"எனக்கு இதுதான் அண்ணை கைக்கு வருது."

அதன்பிறகு தாளில் எடுத்து வந்து தருவாள். முணுமுணுத்துக்கொண்டே அதைப் படம்பிடித்து அச்சடிப்பேன்.

அவள் புருஷன் பாலன் வயல் செய்தவன். சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது. தை மாதம் ஒரு கிழமை முழுக்க அவளுடைய கணினிக்கு முன்னால் இருந்து தன் கல்வெட்டைத் தானே ஒற்றை விரலால் அடித்தான். மண்வெட்டி பிடித்த விரல். முற்றுப்புள்ளியை அழுத்தினால் இரண்டு விழும்.

"இப்ப திறக்காதையும் அப்பா. முப்பத்தொண்டுக்குப் பாரும்," என்று அவளிடம் சொல்லிச் சிரித்தானாம். அவள் குசினிக்குள் போய் அழுதுவிட்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

ஆவணியில் பெரிய கம்பனி முத்தெழுத்தை வாங்கியது. நடத்துவதற்கு அல்ல, மூடுவதற்கு. வருடத்துக்கு ஒருமுறை சுஜிதனின் கம்பனி அனுமதி கொடுத்தால்தான் அது வேலை செய்யும். பாலன் புரட்டாதியில் போய்ச் சேர்ந்தான். இருபதாம் நாள் அவள் கணினியைப் போட்டபோது அனுமதி முடிந்திருந்தது.

சுஜிதனுக்குப் போன் எடுத்தாள். "விக்காட்டி அவை சும்மா குடுத்தே என்னை முடிச்சிருப்பினம், அக்கா. இப்ப என்னட்டை ஒண்டும் இல்லை," என்று அவனும் அழுதான்.

என்னிடம் கொண்டுவந்தாள். பெரிய கம்பனியின் மென்பொருளில் திறந்து பார்த்தேன். எழுத்தெல்லாம் வெறும் கட்டங்கள். இடைவெளியும் புள்ளியும் மட்டும் மிஞ்சியிருந்தன. ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது? அவளைத் தனியே விட்டுவிட்டு மாறியவர்களில் நானும் ஒருவன்.

அவள் திரையில் விரல் வைத்தாள். "இந்தா, ரெண்டு புள்ளி. இது அவரின்ரை கைதான் அண்ணை." பதினொரு இடத்தில் அப்படி இருந்தது. "எங்கை எங்கை முடிச்சிருக்கிறார் எண்டு தெரியுது. என்ன சொன்னவர் எண்டுதான் தெரியேல்லை."

அந்தப் பக்கத்தை அப்படியே போடச் சொன்னாள். நூற்றைம்பது பிரதி அடித்தேன். ஒவ்வொன்றிலும் அந்தப் புள்ளிகள் விழுந்திருக்கின்றனவா என்று பார்த்து அடுக்கினேன்.

அந்தியேட்டியன்று சனம் அந்தப் பக்கத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுப் புரட்டியது. சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்தவர் குனிந்து, "உங்கட மெசின் பிழை விட்டிட்டுதோ?" என்று கேட்டார்.

பிரஷாந்தினி எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டு நின்றாள்.

"ஓம்," என்றேன்.