பேர் சொல்லாமல் கூப்பிடுவது

போலீஸ்காரர்களுக்கு நான் பாடம் எடுத்தேன் என்றால் எங்கள் கம்பெனியில் ஒருவரும் நம்பமாட்டார்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவள் நான். பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தையல் பிசகியதைத் தைத்தவரிடமே திருப்பிக் கொடுக்கிற வேலை என்பதால் வாய் கொஞ்சம் நீளம். பாடம் எடுக்க அது போதாது. என் தம்பிக்கு மனநோய் என்பதுதான் எனக்கு இருந்த தகுதி.

அவனுக்கு மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகும் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார். மனநலம் கெட்டவர்கள் தெருவில் தவித்து நிற்கும்போது அவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று போலீசுக்கு இரண்டு நாள் பயிற்சியாம். வீட்டாள் ஒருவர் வந்து பேசினால் நல்லது என்றார்.

"நான் பேச ஆரம்பிச்சா சண்டையாயிரும் மேடம்" என்றேன்.

"ஆகட்டும், வாங்க" என்றார்.

சண்டைக்குக் காரணம் இருந்தது. மூன்று வருடம் முன்பு தம்பி நடுரோட்டில் நின்று வண்டிகளை மறித்தான். போலீஸ் வந்தது. நான் ஓடிப்போய், "சார், முடியாத பையன் சார். பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, வந்துருவான்" என்று பேரையும் சொன்னேன். ஒரு கான்ஸ்டபிள் அந்தப் பேரைச் சொல்லிக் கத்தினார். தம்பி பாய்ந்து அவர் கையைக் கடித்துவிட்டான். அதற்கப்புறம் லத்தி அவன் முதுகில் விழுந்துகொண்டே இருந்தது. நான் குறுக்கே விழுந்ததில் எனக்கும் இரண்டு.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கேட்டது ஒன்றுதான். "அக்கா, என் பேரு போலீசுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பல மாதமாக, அவன் வேலை செய்த கம்பெனியின் மெஷின் சத்தத்துக்குள்ளிருந்து யாரோ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, வந்து கொல்லப் போகிறோம் என்று மிரட்டினார்களாம். காக்கிச் சட்டை ஒன்று அதே பேரைக் கத்தியதும், அவர்கள் வந்தேவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறான். பேரைச் சொன்னவள் நான்தான் என்று இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை. அடித்தவர் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி என்மேல் எனக்கே இருந்த கோபம்.

அன்றிலிருந்து வீட்டில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆனால் இன்னொரு தடவை அவன் ரோட்டுக்குப் போவான், அன்றும் போலீஸ்தான் வரும் என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் பேச ஒப்புக்கொண்டேன்.

பயிற்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மத்தியானச் சாப்பாட்டு மயக்கத்தில் முப்பது போலீஸ். 'முதலில் உங்கள் பேரைச் சொல்லுங்கள். பிறகு அவர் பேரைக் கேட்டு, அந்தப் பேரால் கூப்பிடுங்கள்' என்று டாக்டரம்மா பலகையில் எழுதியிருந்தார். மைக்கை வாங்கி நிமிர்ந்தால் மூன்றாவது வரிசையில் அதே கான்ஸ்டபிள். என்னைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்த வசவு அத்தனையும் மறந்துபோனது.

"பேரச் சொல்லாதீங்க" என்றுதான் ஆரம்பித்தேன். பேரால் நடந்ததைச் சொன்னேன், யார் அடித்தார் என்று சொல்லவில்லை. டேய் என்று அதட்டவும் வேண்டாம் என்றேன். டாக்டரம்மா எழுந்துபோய், 'அந்தப் பேரால்' என்பதற்கு முன்னால் 'வீட்டாரைக் கேட்டுவிட்டு' என்று பலகையில் சேர்த்தார்.

எஸ்.ஐ. ஒருவர் கேட்டார். "பேரும் சொல்லக்கூடாது, டேய்னும் சொல்லக்கூடாதுன்னா எப்படிங்கம்மா கூப்பிடறது?"

மூன்றாவது வரிசையிலிருந்து குனிந்த தலை நிமிராமலே பதில் வந்தது. "ஏனுங்கன்னு கூப்பிடலாமுங்க."

"அது ஊட்டுக்காரம்மா கூப்பிடறதுய்யா" என்று யாரோ சொல்ல, மண்டபமே சிரித்தது. இந்த ஊரில் பேரே தெரியாமல் ஒருவரோடு பத்து வருடம் பழகிவிடலாம், எல்லாவற்றுக்கும் ஒரு 'ஏனுங்க' போதும் என்று வெளியூரிலிருந்து வந்த நாங்களும் கிண்டலடித்திருக்கிறோம். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு என்னை ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்றும் தெரியவில்லை.

ஆறேழு மாதம் கழித்து ஒரு நண்பகலில் டீக்கடைக்காரர் போன் செய்தார். தம்பி மங்கலம் ரோட்டில் நடுவில் நிற்கிறான். மாத்திரையைத் துப்பிக்கொண்டிருந்தவனை நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது துணி ரோல் ஏற்றிய வண்டிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. தம்பிக்குப் பத்தடி தள்ளி அதே கான்ஸ்டபிள். அவர் கையில் லத்தியைத்தான் முதலில் தேடினேன். அப்புறம்தான் பார்த்தேன், தொப்பியும் லத்தியும் பைக்கின் மேல் கிடந்தன. தம்பியோடு முன்பு வேலை செய்த ஒருவர் கூட்டத்திலிருந்து அவன் பேரைச் சொல்ல வாயெடுத்தார். கான்ஸ்டபிள் திரும்பிக் கையைக் காட்டி அடக்கினார்.

"ஏனுங்க, காலு சுடலீங்களா? செருப்பில்லாம நிக்கறீங்களே."

தம்பி குனிந்து தன் காலைப் பார்த்தான். "சுடுது" என்றான்.

"நெழலுக்கு வாங்க. நான் தொட மாட்டேனுங்க. அவசரமில்லீங்க, மெதுவா வாங்க."

அரை மணி நேரம் ஆனது. அதுவரை அவர் அந்தப் பத்தடியைத் தாண்டவே இல்லை. தம்பி என் பக்கமாக நடந்து வந்து சுவரோரம் உட்கார்ந்தான். இவ்வளவுதானா, இதற்கா அன்று அத்தனை அடி என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஜீப் வேண்டாம் என்று கான்ஸ்டபிளே ஓர் ஆட்டோவை நிறுத்தி, தானும் கூட வந்தார். "அக்கா, நீ நடுவுல உக்காரு" என்றான் தம்பி. உட்கார்ந்தேன். என் இடது தோளில் தம்பியின் நடுக்கம் தெரிந்தது. வலது தோளிலும் ஒரு நடுக்கம் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வரப்போகும் நேரத்தில் கான்ஸ்டபிள் வெளியே பார்த்தபடி சொன்னார். "அன்னிக்கு அடிச்சது நான்தானுங்க."

யாரிடம் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. தம்பிதான் பதில் சொன்னான்.

"தெரியும். அதான் அக்காவ நடுவுல உக்காரச் சொன்னேன்."