கொதித்தும் சாகாதது

எங்கள் ஆய்வுக்கூடத்து அலமாரியின் மேல்தட்டில் ஒரு பால் குக்கர் இருக்கிறது. கைப்பிடி கருகிய பழைய குக்கர். ‘சாப்பாட்டுக்கு அல்ல’ என்று மேலே சீட்டு ஒட்டியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அது விசில் அடித்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கைகால் நிலைகொள்ளாது.

அதைக் கொண்டுவந்தவர் அக்கா. என்னைவிட மூத்த விஞ்ஞானி. ஆனாலும் யாரையும் மேடம் என்று கூப்பிட விடமாட்டார். பெங்களூரு மர்பி டவுன்காரர். ஈஜிபுராவிலிருந்து நான் பஸ்ஸில் அல்லாடி வந்து சேர்வதற்குள் வேலையைத் தொடங்கியிருப்பார். அவருடைய அண்ணன் ஊருக்கு வெளியே பன்றிப்பண்ணை வைத்திருந்தார். வைரஸ் கழிச்சல் வந்து, புதிதாகப் பிறந்த குட்டிகள் எல்லாம் பால் குடிக்காமல் வற்றிச் செத்தன. மருந்து கிடையாது. “நீ இத்தினி படிச்சி என்னாத்துக்கு? எதுனா பண்ணு, இல்லன்னா கொட்டாய வித்துடுறேன்” என்று அவர் போனில் கத்தியது எனக்கும் கேட்டது. அக்கா அன்று சாப்பிடவில்லை.

ஆடாதோடை இலையிலுள்ள குட்டி ஆர்.என்.ஏ.க்கள்தான் எங்கள் வேலை. வைரஸ் பெருகுவதற்கு வைத்திருக்கும் கட்டளைச் சீட்டின் மேல் இவை போய் ஒட்டிக்கொண்டால், அதன் ஆட்டம் அடங்கிவிடும். அப்படித்தான் நம்பினோம். ஆனால் ஆர்.என்.ஏ. மகா சவலை, சூடு பட்டால் போச்சு. அதனால் பச்சைச் சாற்றை ஐஸில் வைத்துத் தாங்கினோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொஞ்சம் சாற்றைக் கொதிக்கவைத்து, ‘செத்த சாறு’ என்று பெயரும் எழுதினோம். சூடேற்றும் கருவி ரிப்பேர். அதனால்தான் அக்கா வீட்டுப் பால் குக்கர் வந்தது.

கண்ணாடித் தட்டில் வளர்த்த பன்றியின் செல்களில் இரண்டு சாற்றையும் தனித்தனியாக விட்டு, வைரஸையும் விட்டோம். மறுநாள் பார்த்தால் பச்சைச் சாறு விட்ட செல்கள் காலி. ‘செத்த சாறு’ விட்டவை ஜம்மென்று இருந்தன!

“அய்யோ கர்மமே, மாத்தி ஊத்திட்டியா?”

“சத்தியமா இல்லக்கா!”

மறுபடி குக்கர், மறுபடி விசில், மறுபடி அதே கதை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவோ, “இரு மா, ஆடாத. எலையில வேற எதுனா சத்து காப்பாத்தியிருந்தா?” என்று, ஆறிய சாற்றில் ஆர்.என்.ஏ.வை மட்டும் வெட்டும் நொதியைக் கலக்கச் சொன்னார். காப்பாற்றியது ஆர்.என்.ஏ. என்றால் இந்தமுறை செல்கள் சாக வேண்டும்.

செத்தன! ஒன்று விடாமல் செத்தன! செத்த செல்களைப் பார்த்துக் கைதட்டிக் குதித்த பைத்தியங்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். பச்சை இலையிலேயே ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதி இருக்கிறது; நாங்கள் ஐஸில் வைத்துத் தாங்கியது அதையும் சேர்த்துத்தான். கொதித்ததில் வெட்டுகிறவன் போய்விட்டான், கெட்டியான குட்டி ஆர்.என்.ஏ. பிழைத்துக்கொண்டது.

“அண்ணனுக்குச் சொல்லுங்கக்கா!” என்றேன். “தட்டுல பொழச்சது கொட்டாய்ல பொழைக்கணும் இல்ல? சும்மா ஆச காட்டக் கூடாது” என்றார். ஆனாலும் போனை எடுத்தார். “விக்காதண்ணா. கொஞ்சம் பொறு.” அவ்வளவுதான் சொன்னார். பெரிய பன்றிகளை ஏற்கெனவே விற்றுவிட்டிருந்த அண்ணன், காலிக் கொட்டகையை விற்காமல் பூட்டி வைத்தார்.

அக்கா இப்போது எங்களோடு இல்லை. ஒரு கால்நடைப் பண்ணையில், முறைப்படி அனுமதி வாங்கி, குட்டிகளுக்கு அந்தக் கஷாயத்தைக் கொடுத்துப் பார்க்கிறார். குக்கர் இல்லாத அவரையும், அவர் இல்லாத குக்கரையும் நினைத்து நான் பலநாள் உம்மென்று இருந்திருக்கிறேன்.

இன்று காலை போன் வந்தது. முதலில் ஒரே கீச்சுக் கூச்சல். பிறகு அக்கா.

“கேக்குதா மா? மருந்து குடுத்த குட்டிங்க! முட்டி மோதிப் பால் குடிக்குதுங்க!” கத்தியேவிட்டார். உடனே சமாளித்துக்கொண்டார். “இது மொத தடவதான், இன்னும் பாக்கணும். ஆனா அண்ணன் கொட்டாய்க்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பிச்சிட்டான். அந்தக் குக்கர் இருக்குதில்ல? எறக்கிக் கழுவி வை.”

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன்.