நாலு அந்தோனியாரும் ஒரு எண்ட்பொயின்டும்

ஒரு காதில் போன் தோசைக்கல்லாகச் சுட்டது. மற்றக் காதில் வாடைக்காற்று. குருநகர் இறங்குதுறையில் நின்று நான் கத்தியது கொழும்புத்துறை வரைக்கும் கேட்டதென்று பிறகு சொன்னார்கள். கேட்டிருக்கும். என் குரல் அப்படி...

அப்போது நான் சொஃப்ட்வெயர் துறையில் இருந்தேன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் எங்கள் ஓபிஸ். என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றாலும் நான் இல்லாமல் அங்கே ஒன்றும் ஓடாது. வான் ஓட்டுவது, படகுக்காரரிடம் போய்ப் பதிவு எடுப்பது, பெடியளுக்கு ஆலோசனை சொல்வது எல்லாம் நான்தான். கோட் எழுதுவது மட்டும் கரவெட்டிப் பெடியன் கஜன்.

ஒவ்வொரு படகிலும் ஒரு சின்னக் கருவி பூட்டினோம். படகு நிற்கிற இடத்தை அது வெளிநாட்டில் இருக்கும் ஒரு சேர்விஸுக்கு அனுப்பும். எங்கள் ஆப் அந்தச் சேர்விஸிடம் கேட்டு வீட்டுக்காரரின் போனில் காட்டும்.

கஜன் எனக்கு விளங்கப்படுத்தினான். "எண்ட்பொயின்ட் எண்டால் அரசாங்கக் கச்சேரி யன்னல் மாதிரி அண்ணை. சரியான யன்னலிலை போய்க் கேட்டால் பதில் வரும். படகுக்கு ஒரு ஒப்ஜெக்ட் செய்து வைச்சிருக்கிறன். அதுதான் போய்க் கேட்டுக்கொண்டு வாற ஆள்."

ஒரு தரம்தான் சொன்னான். அப்படியே பிடித்துக்கொண்டேன்.

கருவி பூட்டி ஒரு கிழமைகூட ஆகவில்லை... விடியவே வர வேண்டிய மச்சான் செபஸ்தியின் படகு மத்தியானம் ஆகியும் வரவில்லை. கடலில் அலை தென்னைமர உயரம். மச்சானைத் தேடிப் போக மரியதாஸ் அண்ணை தன் படகில் மூன்று பேரோடு ஏறிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஒருவன் தங்கச்சியின் போனை வாங்கி ஆப்பைத் திறந்தான். மச்சானின் படகு 'புனித அந்தோனியார்', கரையில். பச்சைப் புள்ளி.

"கரையிலை எண்டெல்லோ காட்டுது. உவன் பாசையூரிலை படகைக் கரையேத்திப்போட்டுத் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருப்பான்" என்றார் மரியதாஸ் அண்ணை. எல்லோரும் இறங்கினார்கள். அந்தக் காற்றில் சும்மா கடலுக்குப் போக யாருக்கு ஆசை?

செபஸ்தியின் மனுசி, என் தங்கச்சி றீற்றா மட்டும் அசையவில்லை.

"கரையிலை எண்டால் ஆள் எங்கை அண்ணை? போனும் எடுக்கேல்லை. உங்கடை சாமானை நம்பி உவையளும் இறங்கிட்டினம்."

அந்த ஆப்பை அவளுடைய போனில் போட்டுக் கொடுத்தவனே நான்தான்...

அப்போதுதான் முன்னால் கட்டியிருந்த மரியதாஸ் அண்ணையின் படகு கண்ணில் பட்டது. முன்முனை அணியத்தில் நீலப் பெயின்றில் 'புனித அந்தோனியார்'. அதற்கடுத்த படகிலும் அதே பெயர். தள்ளி நின்றதிலும் அதே.

எங்கள் கரையில் இதில் யாரும் குழம்புவதில்லை. செபஸ்தியின்ரை அந்தோனியார், மரியதாஸின்ரை அந்தோனியார் என்றுதான் பேச்சு. வெங்காயத் தோட்டத்துக்கு நடுவில் வளர்ந்த கஜனுக்கு அது எப்படித் தெரியும்?

கஜனுக்குப் போன் அடித்தேன்.

"டேய் கஜன், உன்ரை ஒப்ஜெக்டை என்னெண்டு கூப்பிடுறனி?"

"படகின்ரை பேரைச் சொல்லித்தான் அண்ணை. ஏன்?"

"எங்கடை கரையிலை நாலு அந்தோனியார் இருக்கினமடா ராசா!"

அந்தப் பக்கம் கீபோர்ட் தட்டுகிற சத்தம். பிறகு மெல்ல, "ஐயோ அண்ணை... அப்ப கடைசியாப் பதிஞ்சவர்தான் இருப்பார். மற்ற மூண்டு பேரையும் அவர் தள்ளி விழுத்தியிருப்பார்."

கடைசியாகப் பதிந்தது மரியதாஸ் அண்ணை. இவ்வளவு நேரமும் றீற்றாவின் போன் காட்டியது, அவள் கண்ணுக்கு முன்னால் கட்டிக் கிடந்த படகை.

"பேரை விடு! கருவி இலக்கங்களை ஒவ்வொண்டாக் குடுத்துக் கேள்!" அந்தக் கட்டளை என்னுடையது. பெரிய கம்பனிக்காரனுக்கும் அவ்வளவு கெதியில் வந்திருக்காது.

கஜன் வாசிக்கத் தொடங்கினான். "இது கரை... இதுவும் கரை... கரை..." றீற்றாவின் நகம் என் கையில் இறங்கியது. "அண்ணை, இதுக்குப் பதில் வரேல்லை. ரைம் அவுட்."

"திரும்பக் கேள்!"

"கேக்கிறன்... இன்னும் இல்லை... வருது... கடல்! கடல் அண்ணை! மண்டைதீவைத் தாண்டி, நெடுந்தீவுப் பக்கம். எஞ்சின் ஓடுற வேகமில்லை. இழுபட்டுப் போகுது."

மரியதாஸ் அண்ணை சாரத்தைக்கூடச் சரியாகக் கட்டவில்லை. படகில் பாய்ந்துவிட்டார்.

பொழுது சாயும்போது ஒரு அந்தோனியார் மற்ற அந்தோனியாரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். உப்புப் படிந்த வாயோடு மச்சான் கேட்ட முதல் கேள்வி, "தேத்தண்ணி இருக்கோ?" றீற்றா அவரை அடித்து அடித்து அழுதாள்.

மறுநாள் கஜன் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டான், "படகுக்கு வேறை பேர் வைக்கேலாதோ?"

மச்சான் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நேற்று முழுக்க அவரைத்தான் தம்பி கூப்பிட்டுக்கொண்டு கிடந்தனான். இண்டைக்கு அவரின்ரை பேரை அழிக்கவோ? நீ உன்ரை ஒப்ஜெக்டுக்குப் பேரை மாத்து."

மாற்றினான். அன்றிலிருந்து எங்கள் ஆப் இலக்கத்தைச் சொல்லித்தான் கூப்பிடுகிறது.

இப்போது எல்லார் கையிலும் அந்த ஆப். இறங்குதுறையில் முன்புபோலச் சனம் கூடிக் காத்து நிற்பதில்லை. பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டு வீட்டில் உலை வைக்கிறார்கள். கஜன் கொழும்பில் பெரிய ஆள். சந்தேகம் வந்தால் இன்றைக்கும் எனக்குத்தான் போன்.

றீற்றாவும் போன் அடிப்பாள், காற்றுப் பலத்த நாட்களில்.

"அண்ணை, கரையிலை எண்டு காட்டுது... ஒருக்காப் போய்ப் பாக்கிறியளோ?"

அந்த ஆப்பில் பாதி என் மூளை. பிழைக்காது என்று எனக்குத் தெரியும்.

இருந்தாலும் சைக்கிளை எடுக்கிறேன்...