வாசிக்கத் தெரியாதவர்கள் நாளை வர வேண்டாம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாலை. பள்ளி விடும் நேரம். தலைமையாசிரியர் மூன்றாம் வகுப்பு வாசலில் வந்து நின்று ஆறேழு பிள்ளைகளைக் கைகாட்டி எழுப்பினார். "நாளைக்கு ஆய்வுக்கு அதிகாரி வாராக. நீங்கள்லாம் வீட்டுல இருங்க" என்றார். எழுந்தவர்கள் அத்தனை பேரும் அரிசி ஆலைகளில் நெல் அவித்துக் காயப்போடுபவர்களின் பிள்ளைகள். லீவு கிடைத்துவிட்டதென்று ஒருத்தி சிரித்தாள்.

புதுவயல் பக்கத்துத் தொடக்கப் பள்ளி அது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். மூன்றாம் வகுப்புக்கு அடுத்த அறையில் நான் பாடம் எடுத்தேன். அந்த மூன்றாம் வகுப்பை வைத்திருந்தவரை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். நாட்டரசன்கோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அவருடைய அக்காவைப் படிப்பு ஏறவில்லையென்று இரண்டாம் வகுப்போடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். கடைசிவரை அந்த அக்கா, பஸ் எந்த ஊருக்குப் போகிறதென்று அடுத்தவரைக் கேட்டுத்தான் ஏறினாராம். "எங்கக்காவ மக்குன்னு சொன்னவுக ஒருத்தரும் அவளுக்குச் சொல்லிக் குடுத்துப் பாக்கல" என்பார் டீச்சர். அவர் இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான். அவர் வகுப்பில் கடைசி வரிசை என்று ஒன்று கிடையாது. திணறுகிற பிள்ளையைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, மற்றவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, அதற்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுப்பார். படிக்கிற பிள்ளை நானில்லாவிட்டாலும் படித்துவிடும், எனக்குச் சம்பளம் மற்றவர்களுக்காகத்தான் என்பது அவர் கட்சி.

தலைமையாசிரியர் அப்படிச் சொன்னதற்கு மறுநாள் காலையில் டீச்சர் ஆலைக் களங்களுக்கு நடந்தே போய் அந்தப் பிள்ளைகள் அனைவரையும் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டார். அதிகாரி, நேற்றுச் சிரித்தவளைத்தான் எழுப்பினார். முதல் வார்த்தையை எழுத்தெழுத்தாகத் தடவினாள். இரண்டாவதில் நின்றுவிட்டாள்.

"மூணாப்பு வந்தும் வாசிக்கத் தெரியல. இதையெல்லாம் எதுக்கு உக்கார வச்சிருக்கீக?"

இதையெல்லாம் என்றார், ஆடுமாட்டைச் சொல்வதுபோல. டீச்சர் அந்தப் பிள்ளையின் தோளில் கையை வைத்துக்கொண்டார்.

"வாசிக்கத் தெரியலன்னுதான் சார் இவ பள்ளிக்கூடத்துக்கு வாரா. தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு?"

அந்த மாதம் முடிவதற்குள் டீச்சருக்கு மாறுதல் வந்துவிட்டது. பஸ் ஒழுங்காகப் போகாத ஊர். காரணம், நிர்வாக நலனாம். ஆலைப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நியாயம் கேட்டார்கள். தலைமையாசிரியர் அறையை விட்டு வெளியே வரவில்லை. அந்தப் பிள்ளை பொங்கலுக்குப் பிறகு வரவேயில்லை. ஏன் வரவில்லையென்று கேட்க அங்கே யாருக்கும் அவசியமில்லாமல் போயிற்று. நான் மட்டும் களத்துக்குப் போய் விசாரித்தபோது, குடும்பமே வேறெங்கோ வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இன்று காரைக்குடியில் தெருவுக்குத் தெரு, முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் படத்தைப் பெரிய பேனராக வைக்கிறார்கள். தேறமாட்டான் என்று தோன்றுகிற பிள்ளையின் தகப்பனாரைத் தனியே அழைத்து, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லியனுப்புகிறார்கள். நூறு சதவீதம் தேர்ச்சி என்கிறார்கள். வெட்கமே இல்லை.

டீச்சரை அந்தப் புது ஊரில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். பேசாமல் இருந்திருக்கலாமே என்று வருத்தமாக இருக்கிறதா எனக் கேட்டேன். ஒரு பையனின் விரலைப் பிடித்து மணலில் 'அ' எழுதவைத்துக் கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

"வருத்தமெல்லாம் இல்ல. கோவந்தான் இருக்கு. அது போயிருச்சுன்னா நானே வேலைய எழுதிக் குடுத்துட்டுப் போயிருவேன்."